பகம்பாகி வெட்டிய வழி

மூன்று மணி நேரமாக நயேபாரே எட்டுச் சுற்றுலாப் பயணிகளை மலைக்காட்டுக்குள் அழைத்துப் போய்க்கொண்டிருந்தாள். வழக்கம்போல, விடியற்காலையில் தடம் பார்க்கும் பகம்பாகி கொடிகளை வெட்டிக்கொண்டு, கொரில்லாக்களைத் தேடி முன்னே போயிருப்பான். மூடுபனியில் ஆள் தெரியாது. அவள் தொண்டையைக் கனைத்தால் அவனும் கனைப்பான். 'பயப்படாதீர்கள், நாங்கள்தான்' என்று கொரில்லாக்களுக்குச் சொல்லும் கனைப்பு அது.

இன்றும் ஒவ்வொரு முறையும் பதில் வந்தது. வெட்டிய கொடிகளில் பால் இன்னும் வடிந்துகொண்டிருந்தது. சில வெட்டுகள் அவள் தலைக்கு இரண்டு முழம் மேலே இருந்தன.

"பொண்டாட்டி போடுற கேழ்வரகுக் களியில அவன் வளந்துட்டானோ?" என்று சிரித்தாள், பயணிகளின் பைகளைச் சுமந்து வந்த கியாரிசீமா.

அப்போது வாக்கி டாக்கி கரகரத்தது. நயேபாரே அதைக் காதோடு ஒட்டிவைத்துக் கேட்டாள். பிறகு அணைத்தாள்.

"எல்லாரும் திரும்புங்க. சத்தம் போடாம, மெதுவா."

"என்னக்கா, இவ்வளவு தூரம் வந்துட்டு?" என்றாள் கியாரிசீமா.

முன்னால் கனைப்புக் கேட்டது. இந்த முறை நயேபாரே கனைக்கவே இல்லை. மறுபடி கேட்டது, இன்னும் பக்கத்தில்.

"அதோ, உன்னைத்தான் கூப்பிடுறான்" என்று கியாரிசீமா பதிலுக்குக் கனைக்கப் போனாள். நயேபாரே அவள் வாயைப் பொத்தினாள்.

"கனைக்காதடி. பகம்பாகி காய்ச்சல்ல வீட்டுல படுத்திருக்கானாம். நம்ம ஆளுங்க யாருமே இன்னைக்கு முன்னால வரல."