இடது பக்கச் சரிவு

"சீச்சீ, இதெல்லாம் ஒரு காரா?"

சீட்டுக்கடியில் செத்த எலியைக் கண்டவர் போல முகத்தைச் சுளித்தார் பாத்திரக்கடை முதலாளி. ஒரு பொருளை வாங்குவதென்று முடிவு செய்துவிட்டால் அவருக்கு இந்தச் சுளிப்பு தானாக வந்துவிடும்.

"முன்னாடி இடது பக்கம் நாலு விரல் இறங்கி நிக்குது பாருங்க வக்கீல் சார். அடிச்சட்டமே வளைஞ்சு போச்சு."

அந்தப் பழங்காலத்துக் காரின் சொந்தக்காரரான வக்கீலுக்கு முகம் வெளுத்தது. "போன வாரம்கூட நேராத்தானே நின்னுது..." என்று இழுத்தார்.

"பாதி விலைன்னா எடுத்துக்கறேன். அதுவும் அருவருப்போடதான்."

கோர்ட்டில் மணிக்கணக்காக வாதாடுகிற மனிதர், மறுபேச்சில்லாமல் சாவியை நீட்டினார்.

முதலாளி காரை நேரே மெக்கானிக் ஷெட்டுக்கு ஓட்டினார். "பலே! கார் சர்வீஸுக்கு வந்தப்ப நான் சொன்னபடியே இறக்கி விட்டுட்டே. இப்ப உயரத்தைக் கூட்டிக் குறைக்கற அந்த போல்ட்டை இறுக்கி, பழையபடி தூக்கு."

"தூக்கறேன் முதலாளி. ஆனா நிக்காது. அடிச்சட்டம் வளைஞ்சிருக்கில்ல?"

"அது நான் வக்கீல்கிட்ட விட்ட புளுகுடா!"

"நிஜமாவே வளைஞ்சிருக்கு. விக்கணும், சரிவு தெரியாம தூக்குன்னு முதல்ல வக்கீல் சொன்னார், தூக்கினேன். அப்புறம் இறக்குன்னு நீங்க சொன்னீங்க, இறக்கினேன்."

முதலாளி குனிந்து பார்த்தார். துருவேறிய சட்டம் நெளிந்து கிடந்தது.

"சீ! நீயெல்லாம் ஒரு மனுஷனா? முதல்லயே சொல்லித் தொலைக்கறதுக்கென்ன?"

"பாதி விலைக்குக் கேக்கப் போறேன்னீங்க, தெரிஞ்சுதான் கேக்கறீங்கன்னு நெனச்சேன்." மெக்கானிக் ஸ்பானரைத் துடைத்தான். "அடுத்து யார் தலையில கட்டப் போறீங்க முதலாளி? சொல்லுங்க, தூக்கி விடறேன்."