கோராகின் கூட்டம்

ஞாயிறு ஆராதனைக்கு ஜெபவீட்டில் ஈ காக்கை இல்லை. மேல் லயத்து வரிசை வீட்டில் இருக்கும் தோட்டத் தொழிலாளி பரிமளத்தின் பேச்சைக் கேட்டு, சபை மொத்தமும் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்திருந்தது. பாஸ்டர் தேவசீலன் கொட்டும் மழையில் அங்கே போய் வேதத்தைப் பிரித்தார்.

"மோசேய எதிர்த்த கோராகுக்கு என்ன ஆச்சு?"

"பூமி வாயத் தொறந்து முழுங்கிருச்சுங்க, பாஸ்டர்," என்றது சபை.

"தெரியுதில்ல? அப்புறம் கடவுள் வச்ச தலைவன விட்டுட்டு இவ பின்னால வர்றீங்க! போன் பண்ணி ஆராதனைய நிறுத்தச் சொல்றா. நீ யாரும்மா?"

"முழுசாக் கேக்காம வச்சிட்டீங்களே பாஸ்டர்!" என்றாள் பரிமளம். "காலையில ஜெபவீட்டக் கூட்டிப் பெருக்கப் போனேன். ஒங்க மேடைக்கு அடியில தரை வெடிச்சிருக்கு. கையே உள்ள போகுது. மண்ணு சரியப் போகுதுங்க."

பாஸ்டர் குனிந்து, பிரித்த பக்கத்தைப் பார்த்தார். பூமி பிளக்குமுன், சனங்களை அங்கிருந்து விலகிப் போகச் சொன்னவர் மோசே.