காவலுக்கு வந்த யானை

அக்கரையிலிருந்து ஒரு யானை நீந்தி வந்து, அணில் குடியிருந்த புளியமரத்தடியில் நின்றது.

"பயப்படாதே தங்கச்சி. உன்னைக் காப்பாற்றத்தான் வந்திருக்கிறேன்."

"யாரிடமிருந்து அண்ணே?" அணிலுக்குப் புரியவில்லை.

"பக்கத்து மாமரத்தில் செவ்வெறும்பு கூடு கட்டியிருக்கிறது. விட்டால் நாளைக்கு உன் மரம். அப்புறம் இந்தக் கரை முழுக்க. கடைசியில் என் காடு!"

"கடித்தால் வலிக்கும்தான். ஆனால்..."

யானை கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. எறும்பு தாண்டி வந்துவிடும் என்று, மாமரத்தை உரசிய புளியங்கிளைகளை முறித்துப் போட்டது. அணிலின் கூடு அதில்தான் இருந்தது. குட்டியைக் கவ்விக்கொண்டு அணில் கீழே குதித்தது. அடிமரத்தில் நாலைந்து எறும்புகள் ஊர்வதைக் கண்டதும், யானை நெற்றியால் முட்டி மரத்தையே வேரோடு சாய்த்துவிட்டது.

"இனி இந்த மரத்தை அதுகளால் பிடிக்க முடியாது" என்று யானை மூச்சு வாங்கியது.

மழை தூறத் தொடங்கியது. அணில் சுற்றிலும் பார்த்தது. அந்தக் கரையில் மிஞ்சியிருந்தது மாமரம் மட்டும்தான். அணில் அதில் ஏறத் தொடங்கியது.

யானையின் முகம் மாறியது. "ஓகோ! நீயும் அவர்கள் ஆள்தானா?"

பாதி மரத்தில் நின்று அணில் திரும்பிப் பார்த்தது. வாயில் குட்டி இருந்ததால் பேச முடியவில்லை. மறுபடி மேலே ஏறியது.