செபமாலை சொன்ன விலை

“மூண்டு கோடி. ஒரு சதம் குறையாது” என்றார் செபமாலை. கேற்றடியில் நின்று, ரோட்டுக்குக் கேட்கிற மாதிரித்தான் சொன்னார். தேவாலயத்தில் பூசை முடிந்து சனம் போய்க்கொண்டிருந்த நேரம்.

வீடு வாங்க எருக்கலம்பிட்டியிலிருந்து வந்த வியாபாரி ஜுனைட், ஒன்றரைக் கோடியில் தொடங்கி ஒன்று எழுபது வரை ஏறிப் பார்த்தார். அதற்குமேல் ஏற மனம் வராமல் மோட்டார்சைக்கிளில் ஏறிப் போய்விட்டார்.

தரகர் மில்ரனுக்கு வயிறு எரிந்தது. “அண்ணை, எங்கட பேசாலை ஊர் முழுக்க விலை விழுந்து கிடக்கு. ஒண்டு எழுபதுக்கு இனி ஆரைப் பிடிக்கிறது? மூண்டு கோடி எண்டு என்ன கணக்கில சொல்லுறியள்?”

செபமாலையிடம் கணக்கு இருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் கனடாவில் இருந்துகொண்டு தன் வீட்டுக்கு இரண்டே முக்கால் சொல்கிறார். அந்த வீட்டில் ஒரு பாத்ரூம், இந்த வீட்டில் இரண்டு. ஆகவே மூன்று.

“அந்த வீடு நாலு வருசமாப் பூட்டிக் கிடக்கண்ணை. வௌவால்தான் குடியிருக்கு.”

“விலை இறங்கேல்லைத்தானே?”

வாங்க ஆள் வராவிட்டாலும் சொன்ன விலை சொன்ன விலைதான் என்பது எங்கள் ஊரின் பொருளாதாரம், இதை எந்தப் பல்கலைக்கழகமும் எங்களுக்குப் படிப்பிக்கவில்லை.

வீட்டுக்குள் மனைவி பிலோமினா வெந்துகொண்டிருந்தாள். மகள் சுவேதினிக்கு அதே ஊர் யாகப்பரின் மகன் றொஷானைப் பேசியிருந்தார்கள். பெடியன் நோர்வேயில். அவள் அவனோடு போனில் கதைத்துக் கதைத்து அந்த நாட்டுக் குளிருக்கே பழகிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை சீதனம் பேச யாகப்பர் வருகிறார், இங்கே கையில் காசில்லை.

“இஞ்சேருங்கோ, கேக்கிற விலைக்குக் குடுத்துப்போட்டுப் பிள்ளையின்ர காரியத்தைப் பாருங்கோ. உங்கட ஆசையால கலியாணம் குழம்பிச்சோ, பேந்து நான் மனுசியா இருக்கமாட்டன்.”

செபமாலை காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. அடுத்து வந்த இரண்டு பேரையும் பூசை விடுகிற நேரத்துக்கே வரச்சொன்னார். வீட்டுக்குள் கூப்பிடாமல், கேற்றடியில் வைத்தே விலையைச் சொல்லி அனுப்பினார்.

ஞாயிறு பின்னேரம் யாகப்பர் வந்தார். கதிரையில் ஆறுதலாக இருந்து தேத்தண்ணி குடித்தார்.

“வீடு விக்கப் போறியளாம்?”

“விக்கிறதோ!” செபமாலை விழுந்து விழுந்து சிரித்தார். “இதைத்தானே பிள்ளைக்குச் சீதனமா எழுதப்போறன். என்ன பெறும் எண்டு சும்மா கேட்டுப் பாத்தனான். மூண்டு கோடி. ஊருக்கே தெரியும்.”

கதவோரம் நின்ற பிலோமினாவுக்கு அப்போதுதான் விளங்கியது. முப்பது வருடக் குடும்ப வாழ்க்கையில் முதல்தடவையாகப் புருசனின் மூளையை நினைத்துப் பெருமைப்பட்டாள்.

யாகப்பருக்கும் நிரம்பச் சந்தோசம். கோப்பையைக் கீழே வைத்தார்.

“ஓம், ஊர் முழுக்க அதுதான் கதை. ஆனால் பிள்ளையள் நோர்வேயில இருக்கப்போகுதுகள், அதுகளுக்கு இஞ்ச வீடு என்னத்துக்கு? இது உங்களிட்டையே இருக்கட்டும்.”

செபமாலையின் சிரிப்பு பாதியில் நின்றது.

“சம்மந்தி எண்டபடியா, ரெண்டரைக் கோடி காசாத் தந்தால் போதும்.”