பூஜ்யம் போட்ட ஸ்டாப்

"மூணாவது தடவையா திருப்பி அனுப்பிட்டாங்க லா!"

செல்வா மூக்குக் கண்ணாடியக் கழட்டி மேசையில போட்டாரு.

பாசிர் கூடாங் ஃபேக்டரி ஆபீஸ்ல மணி அஞ்சே கால். அஞ்சரைக்குக் கம்பெனி பஸ். விட்டா, பொந்தியான் போய்ச் சேர எட்டு மணி ஆயிரும். பொந்தியான்ல இருந்து வர்ற ஒரே ஆளு அவருதான்.

"இப்ப என்ன குத்தமாம்?" பக்கத்து மேசை ரூபேந்திரன் கேட்டான்.

"யாரு எந்த ஸ்டாப்ல ஏறுறாங்கன்னு மாசா மாசம் பஸ் கம்பெனிக்கு லிஸ்ட் போவணும்ல? கம்ப்யூட்டர்ல ஆளுங்க டேபிள்ல இருந்து ஸ்டாப் பேரு இருக்குற வரிசைய அப்படியே பஸ் டேபிளுக்கு காப்பி பண்ணேன். இருநூத்திப் பத்து பேரு. ஒருத்தர் கொறையல."

"அப்புறம் என்ன?"

செல்வா நிமிந்து உக்காந்தாரு. பேனாவக் காதுல சொருகிக்கிட்டாரு. மேனேஜர் விஜிதாவோட மெல்லிசுக் குரல் அவரு வாயில அப்படியே வந்துச்சு.

"'செல்வா அண்ணே, ஸ்டாப் பேரெல்லாம் வெறும் எழுத்தா வந்துருக்கு. கேட்டகிரியாவே, அதாவது மொத்த ஸ்டாப் பட்டியலோட வரணும். அப்பத்தான் எல்லா ஸ்டாப்பும் கூட வரும்...' எல்லா ஸ்டாப்பும்னா எது தெரியுமா? பெக்கான் நானாஸ்! இந்த மாசம் அங்க ஏறுறது எத்தன பேரு? பூஜ்யம்! ஆளே இல்லாத ஸ்டாப்புக்கு ஒரு வரி வேணுமாம் அம்மாவுக்கு!"

சிரிச்சுக்கிட்டிருந்த ரூபேந்திரன் சட்டுனு கீபோர்டத் தொடைக்க ஆரம்பிச்சான்.

"என் குரல் நல்லாத்தான் வருது அண்ணே." பின்னால விஜிதா. "டேபிள் எங்க?"

"அலமாக்... ஐயோ மேடம், பஸ்ஸுக்கு நேரமாச்சு. அந்தப் பூஜ்யத்தக் கையால அடிச்சுக் குடுத்துர்றேன்."

"வேணாம். அடுத்த மாசம் மறந்துருவீங்க. ஒழுங்கா காப்பி பண்ணுங்க."

பண்ணாரு. கடைசி வரியில வந்து உக்காந்துச்சு: பெக்கான் நானாஸ், 0.

கீழ ஹாரன் சத்தம். பஸ் கேட்டத் தாண்டிப் போறது ஜன்னல்ல தெரிஞ்சுச்சு.

"ஆளில்லாத ஒரு வரிக்காக என் பஸ்ஸ விட்டுட்டேன் மேடம்." இப்ப அவரோட சொந்தக் குரல். ரொம்பக் களைச்சுப் போன குரல்.

விஜிதா லிஸ்ட்ட அனுப்பிட்டுத்தான் வாயத் தொறந்தாங்க.

"லிஸ்ட்ல பேரு வரலன்னா அந்த ஸ்டாப்ப எடுத்துருவாங்க. பேக்கிங் புஷ்பவள்ளி அக்கா ஆப்பரேஷன் முடிஞ்சு அடுத்த மாசம் வேலைக்கு வர்றாங்க. காலையில அந்தப் பெக்கான் நானாஸ் ரோட்டுல வந்து நிப்பாங்க. பஸ் நிக்கணுமா வேணாமா?"

ரூபேந்திரன் பைய எடுத்துக்கிட்டு மெல்ல நழுவிட்டான்.

"அந்த ஒருத்தருக்காகவா மேடம், மூணு தடவ திருப்பி அனுப்புனீங்க?"

"வாங்க, லார்கின் பஸ் ஸ்டாண்டுல எறக்கி விடுறேன்." விஜிதா கார் சாவிய எடுத்தாங்க. கதவுகிட்ட போயி திரும்பிப் பாத்தாங்க.

"ஏன் அண்ணே, போன வருஷம் கால் ஒடஞ்சு நாலு மாசம் வீட்டுல கெடந்தீங்களே... அப்பல்லாம் பொந்தியானுக்கு நேரா நான் என்ன போட்டு அனுப்பினேன்னு நெனைக்கிறீங்க?"