எட்வினின் கிளவுஸ்

எட்வின் ஒரு வருஷமாக, தோள்வரை நீளும் ஒரு மோட்டார் கிளவுஸைப் போட்டுக்கொண்டுதான் பேஸ் கிடார் பழகினான். போட்டவர் கை எந்தச் சத்தத்துக்கு எப்படி அசைகிறது என்பதை அதன் ஆப் கற்றுக்கொள்ளும். பிறகு யார் போட்டாலும் அதே கைதான் வாசிக்கும். வீட்டிலிருக்கும் நேரமெல்லாம் அது அவன் கையிலேயே கிடக்கும், கோபம் வரும் நேரத்திலும்.

அன்று காலை பெருமை தாங்காமல் மனைவி ஜெபசீலியின் வலது கையில் அதை மாட்டி, கிடாரை மடியில் வைத்தான்.

"என் கை எப்படிப் பேசுதுன்னு பாருடி."

தாளமே தெரியாத அவள் விரல்கள் தடித்த கம்பிகளைப் பிசகாமல் மீட்டின. கண்மூடி ரசித்தவன், பழக்கதோஷத்தில் கத்தினான்: "காபி எங்கடி?"

அவள் கை கம்பியை விட்டு எழுந்தது. விரல்கள் மடங்கி அவன் வாயில் இறங்கின. முன்பல் ஒன்று தெறித்துக் கிடார்மேல் விழுந்தது.

"கழட்டுடி சனியனே!"

அந்தக் கத்தலுக்கும் கை பழகியிருந்தது. அவன் முடியைப் பிடித்துச் சுவரில் மோதியது. "நிறுத்துடி!" என்று அலறினான், மறுபடி மோதியது.

அந்தக் கை எப்போது ஓயும் என்று ஜெபசீலிக்குத் தெரியும். அடிபட்டவர், அடித்தவர் காலைப் பிடித்து, "தெரியாம செஞ்சிட்டேங்க, மன்னிச்சிருங்க" என்று கெஞ்ச வேண்டும்.

அதை அவனிடம் சொல்லலாமென்று வாயைத் திறந்தவள், அப்படியே மூடிக்கொண்டாள்.