பிலேமோனின் முகமூடி

முகமூடி என் கணவன் பிலேமோனுடையது. அதற்குள் வேர்த்துக் கொட்டிக்கொண்டு நிற்பது நான்.

பெரிய வெள்ளி, காலை பத்து மணிக்கே எங்கள் மொக்போக் ஊர்க் கடைத்தெரு கொதித்தது.

கல்யாண முருங்கைக் கட்டையில் குடைந்த முகம், ஒட்டுத் தாடி, தலை நிறையக் காகிதப் பூ, மார்பில் தகரக் கவசம், கைகளுக்கு உறை. எல்லாம் அவன் உடம்புக்குச் செய்தது. எனக்குத் தோளில் நிற்காமல் உள்ளே இரண்டு பழைய துண்டுகளைச் சுருட்டி வைத்திருந்தேன்.

எங்கள் மகள் லிகாயாவுக்கு இரண்டு வயதில் கொசுக் காய்ச்சல் வந்து டாக்டரே கையை விரித்தபோது, பிலேமோன் நேர்ந்துகொண்டான். பிள்ளை பிழைத்தால் ஏழு வருடம், புனித வாரம் முழுக்க ரோமானியச் சிப்பாய் வேஷம் கட்டி ஊரைச் சுற்றுவதாக.

பிள்ளை பிழைத்தாள். அவனும் ஆறு வருடம் ஒழுங்காகச் சுற்றினான். போன ஆகஸ்டில் பாலனாகன் துறையில் கப்பலேறி மணிலாவுக்குப் போனவன், அங்கே வேறொருத்தியோடு தங்கிவிட்டான்.

என்னை விட்டதைக் கூடப் பொறுத்துக்கொண்டேன். பிள்ளை உயிருக்கு வைத்த நேர்ச்சையை விட்டதைத்தான் பொறுக்க முடியவில்லை. இதுதான் ஏழாவது வருடம்.

நேர்ந்தவன் முடிக்காவிட்டால், வீட்டில் ஒருவர் அவனாகவே நடந்து முடித்து வைக்கலாம். ஆனால் ஞாயிறு விடியும்வரை ஆள் மாறியது வெளியே தெரியக் கூடாது, வாயையும் திறக்கக் கூடாது. தெரிந்துவிட்டால் ஏழு வருடமும் வீண் என்பார்கள் எங்கள் தெருவில்.

நான் அதை நம்புகிறேன். அனலாய்க் கொதித்த அந்தச் சின்ன உடம்பை மடியில் வைத்திருந்தவள் நான். நம்பாமல் இருக்க எனக்குத் தைரியம் இல்லை.

காசான் ஊர் பேக்கரியில் பிஸ்கட் சுட ஆள் போதவில்லை, ஞாயிறுதான் வருவேன் என்று லிகாயாவிடம் பொய் சொல்லி அவளைத் தங்கை வீட்டில் விட்டிருந்தேன். நான்கு நாள் தப்பித்தேன். ஐந்தாம் நாள் சியோனி அக்காவின் கொழுக்கட்டைக் கடை முன்னால் மாட்டிக்கொண்டேன்.

"பிலேமோனா இது? அவன் நடந்தா தரை அதிருமே. இது என்னமோ முட்டை மேல நடக்கிற மாதிரில்ல நடக்குது!"

கடையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். உள்ளே இருப்பது யாரென்று துருவுவதில் எங்கள் ஊர்க்காரர்களுக்கு அப்படி ஒரு சந்தோஷம். பிலேமோனோடு குடிக்கிற தென்சியோ சிரித்துக்கொண்டே வந்து என் முதுகில் ஓங்கி ஒரு தட்டு தட்டினான்.

"என்ன மாப்ளே, மணிலாக்காரி லீவு குடுத்துட்டாளா?"

எல்லோரும் சிரித்தார்கள். அவமானம் அவனுக்கா எனக்கா என்று தெரியாமல் வேஷக்காரர்கள் தட்டிக்கொண்டு போகும் தாளக் கட்டைகளை இரண்டு தடவை தட்டிவிட்டு நகரப் பார்த்தேன்.

சியோனி அக்கா விடவில்லை. "கையுறையைக் கழட்டச் சொல்லுடா. பிலேமோனுக்கு இடது சுண்டுவிரல் பாதிதானே?"

தென்சியோ என் மணிக்கட்டைப் பிடித்தான். நான் இழுத்தேன். அவன் பிடி இறுகியது. என் சுண்டுவிரல் முழுசாக, பயத்தில் விறைத்துக்கொண்டு கையுறைக்குள் இருந்தது.

"அப்பா!"

தென்சியோவின் கைக்கு அடியில் புகுந்து வந்து லிகாயா ஒரு கையால் என் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். கவசத்தில் கன்னம் பதியக் கட்டிக்கொண்டாள்.

"எவ்வளவு நேரமாத் தேடுறேன், எங்கப்பா போன?"

தென்சியோ கையை விட்டுவிட்டான். சியோனி அக்காவின் குரல் இறங்கிப்போனது.

"பெத்த பொண்ணுக்குத் தெரியாதா? வழி விடுங்கடா."

நேர்ச்சை பிழைத்தது.

எட்டு மாதமாகக் கப்பல் வரும் நாளெல்லாம் வாசலிலேயே நின்ற பிள்ளை. அப்பா வந்துவிட்டார் என்றல்லவா கட்டிக்கொண்டு நிற்கிறாள்? ஞாயிற்றுக்கிழமை இந்த மரமுகத்தைக் கழற்றி, அப்பா வரவில்லை, அம்மாதான் என்று எந்த வாயால் சொல்வேன்?

அவள் கையில் வழக்கமான தகரக் குவளை இருந்தது. வருடா வருடம் இதே கடைத்தெருவில் அப்பாவுக்கு எலுமிச்சைச் சாறு கொண்டுவருவாள். முகமூடியின் வாய் சின்னது என்பதால் பப்பாளி இலைக் காம்பை வெட்டிக் குழலாகப் போட்டிருப்பாள். பிலேமோனுக்கு அதில் மூன்று கரண்டி சர்க்கரை வேண்டும். வீட்டில் உப்புப் போட்டுக் குடிக்கிறவள் நான் ஒருத்திதான். ஊறுகாய்க்காரி என்று அதற்கும் என்னைக் கேலி செய்வான்.

குனிந்தேன். லிகாயா காம்பை முகமூடியின் வாய்க்குள் நுழைத்தாள். அழுகையை அடக்கிக்கொண்டு உறிஞ்சினேன்.

உப்பு.

சர்க்கரை துளிகூட இல்லை. நான் போடுகிற அதே அளவு உப்பு.

நிமிர்ந்தேன். முகமூடியின் கண் ஓட்டைகளை நேராகப் பார்த்துக்கொண்டு நின்றாள். கண் கலங்கியிருந்தது, குரல் மட்டும் கடைத்தெரு முழுக்கக் கேட்டது.

"சர்க்கரை போதுமாப்பா?"

போதும் என்று காகிதப் பூவெல்லாம் குலுங்கத் தலையாட்டினேன்.